குகைக்குள் கை படலாமா?

கேள்வி: அடுத்த மாதம் விசாகப்பட்டினம் சென்று, அங்கிருந்து போரா குகைகளையும் பார்த்து வர இருக்கிறோம். உள்ளே தொங்கும் பாறைகளைத் தொடக்கூடாது என்கிறார்கள். கல்லைத் தொட்டால் என்ன கெட்டுவிடும்? முழங்கால் வலி உள்ள என் மாமியாரை அழைத்துச் செல்லலாமா?
– வாசகி, மதுரை

பதில்: போரா குகைகள் அமைந்துள்ள அனந்தகிரி மலைகளில் பெய்யும் மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கும்போது, பாறையையும் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துவருகிறது. அந்த நீர் குகைக்கூரையில் துளியாக நிற்கையில் வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. கூரையிலிருந்து இறங்குவது கல்விழுது. துளி விழும் தரையிலிருந்து எழுவது கல்முளை. ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்தால், ஒரு விழுது ஒரு சாண் நீளம் பெறவே 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

நம் விரல்களில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசை அந்த ஈரப்பரப்பில் ஒட்டிக்கொண்டால், நீர் சீராகப் பரவாமல் படிவு தடைப்படுவதோடு, அழுக்கும் சேர்ந்து அந்த இடம் கறுத்துவிடும். ஒருவர் கை பட்டதால் உடனே எதுவும் தெரியாது என்பது உண்மையே. ஆயினும் ஓயாமல் கூட்டம் வரும் குகைகளில், கைக்கு எட்டும் உயரத்தில் உள்ளவையே முதலில் பாழாகின்றன. தொடாவிட்டாலும் நம் வருகைக்கு விளைவு உண்டு. பிரான்சின் லாஸ்கோ குகையில், பார்வையாளர்களின் மூச்சுக்காற்று பழங்கால ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால், 1963இல் பொதுமக்களுக்கு அதை மூடிவிட்டார்கள். விளக்கொளி இடைவிடாது படும் பாறைகளில் பச்சைப்பாசி பிடிப்பதால், சுற்றுலாக் குகைகளில் வண்ண விளக்குகளைக் குறைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

போராவில் மக்கள் வழிபடும் சிவலிங்கமும் இயற்கையாக எழுந்த கல்முளையே. அங்கும் கைகூப்பி வணங்கினால் போதும்.

மாமியாரைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் முழுவதும் சுற்றிப் பார்க்க வற்புறுத்த வேண்டாம். படிகள் பல, ஈரத்தில் வழுக்கும். இறங்கியவை அனைத்தையும் மீண்டும் ஏறவும் வேண்டும். வாயிற்பகுதி மிக விசாலமானது, பகல் வெளிச்சமும் விழும். அங்கே நின்று பார்ப்பதே அவருக்கு நிறைவளிக்கும். விசாகப்பட்டினத்திலிருந்து கிரந்துல் செல்லும் ரயிலில் போரா குகலு நிலையத்தில் இறங்கலாம். மலையையும் சுரங்கப்பாதைகளையும் கடந்து செல்லும் அந்தப் பயணத்தை அவர் உட்கார்ந்தபடியே ரசிக்கலாம் என்பதால், போகும்போதாவது காரைத் தவிர்த்து ரயிலில் செல்லுங்கள்.