கொடைக்கானல் மேஜிக் மஷ்ரூம் சாப்பிட்டால் மனச்சோர்வு போய்விடுமா?

மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொடைக்கானல் காளான் எடுத்துப் பார்க்கலாமா, வெளிநாட்டில் இதைத்தானே சிகிச்சையாகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை சாப்பிட்டு வரும் என் அக்கா மகனும் ஒரு யூடியூப் வீடியோவை அனுப்பி இதையேதான் கேட்டான். நான் மருந்துக்கடைக்காரன், மருத்துவன் அல்ல. வேண்டாம் என்றுதான் அவனிடம் சொன்னேன்.

வெளிநாட்டில் கொடுக்கிறார்கள் என்பது பாதி உண்மை. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து, அதற்கென அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு சைலோசைபின் தரலாம். காளானில் வேலை செய்யும் பொருள் அதுதான். அமெரிக்காவிலோ, இதேபோல் இன்னொரு போதைப்பொருளான எம்.டி.எம்.ஏ.வை பி.டி.எஸ்.டி.க்கு (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) மருந்தாக்கக் கேட்டு வந்த விண்ணப்பத்துக்கு, மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஆகஸ்டில் கையை விரித்துவிட்டது.

சைலோசைபினுக்கு நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2022-ல் வெளிவந்தது. 233 பேர், 25, 10, 1 மில்லிகிராம் என்று மூன்று பிரிவு. மூன்றாவது வாரத்தில் 25 மி.கி. பிரிவில் 37 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், 1 மி.கி. பிரிவில் 18. பன்னிரண்டாவது வாரம் வரை அது நிலைத்தது 25 மி.கி. பிரிவிலேயே சுமார் 20 சதவீதம் பேருக்குத்தான். தற்கொலை எண்ணம் மூன்று பிரிவிலுமே சிலருக்கு வந்தது. வீடியோக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சிகிச்சை நடக்கும் விதமே வேறு. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா என்று முதலிலேயே துருவிக் கேட்டு, இருந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பார்கள். சிகிச்சையாளரோடு பலமுறை பேசிப் பழகிய பிறகுதான் மருந்து நாள். ஆய்வகத்தில் தயாரித்து அளந்த மாத்திரை, கண்ணுக்குக் கட்டு, காதில் இசை, கட்டில். ஆறேழு மணி நேரம் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அழுதால் அழ விடுவார், பயந்தால் கையைப் பிடித்துக்கொள்வார். அப்புறமும் சில நாள் உட்கார்ந்து, வந்ததையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும்.

இதில் எவ்வளவு மருந்தின் வேலை, எவ்வளவு இந்தக் கவனிப்பின் வேலை என்று பிரிப்பதுதான் ஆராய்ச்சியாளர்களுக்குத் தலைவலி. சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்குப் போலி மருந்து கொடுத்தாலும், மருந்து ஏறிச் சுவர் அலையாக ஆடுகிறது என்றால் தனக்குக் கிடைத்தது போலி மருந்து இல்லை என்று யாருக்கும் தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையே பாதி குணம் தரலாம். எஃப்.டி.ஏ. ஆலோசனைக் குழு எம்.டி.எம்.ஏ.வில் பிடித்துக்கொண்ட சிக்கல்களில் இதுவும் ஒன்று.

காட்டேஜில் நண்பர்களோடு சாப்பிடும் காளானில் எத்தனை மில்லிகிராம் என்று விற்பவனுக்கே தெரியாது. அது அந்தக் காளான்தானா என்பதும் அவன் வாய்ச்சொல்தான். ராத்திரி பதட்டம் ஏறினால் மலையில் யாரைத் தேடுவீர்கள்? போலீஸ் பிடித்தால் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டம் வேறு.

காளானைவிட எனக்குப் பயம், நீங்களாக மாத்திரையை நிறுத்துவதுதான். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும், நோயும் திரும்பலாம்.

மாத்திரை கேட்கவில்லை என்றால் அதையே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் கூட்டலாம். மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமினை, மசியாத மனச்சோர்வுக்கு நம் நாட்டிலும் சில மனநல மருத்துவர்கள் மருத்துவமனையில் வைத்துத் தருகிறார்கள். உங்களுக்கு அது ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் மனசு ரொம்ப இறங்கினால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.