ஊர்ப் பள்ளி மூடினால் மகளை எங்கே சேர்ப்பது?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் நான்காம் வகுப்பு. பள்ளியில் மொத்தமே ஆறு பிள்ளைகள், அதில் இரண்டு பேர் இந்த ஆண்டோடு ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஊரில் பிள்ளையே இல்லை. "ஜூன்ல திறக்குமான்னு எனக்கே தெரியலம்மா" என்று ஹெச்.எம். சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. மெட்ரிக் பள்ளி வேன் வாசலுக்கே வருகிறது, ஏற்றி விடுவோம் என்கிறார் வீட்டுக்காரர். பக்கத்து ஊர் அரசுப் பள்ளி இரண்டரை கிலோமீட்டர், நடுவில் பைபாஸ் இருக்கிறதே என்கிறார் மாமியார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் இரண்டு முடிவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. ஐந்தாம் வகுப்பு என்ற ஒரே ஒரு வருஷத்தை எங்கே படிப்பது என்பது ஒன்று. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படிப்பது என்பது இன்னொன்று. முதலாவது சின்னது. இரண்டாவதில்தான் பிள்ளையின் கல்லூரியும் வேலையும் தொங்குகின்றன. சின்னதற்குப் பயந்து அவசரத்தில் பெரியதையும் முடிவு செய்துவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஹெச்.எம். மீது கோபப்பட வேண்டாம். அவர் கையில் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2020 கணக்குப்படி 1.4. மக்கள்தொகை குறையாமல் இருக்கவே 2.1 வேண்டும். அதோடு வேலைக்காக ஊரைவிட்டுப் போன குடும்பங்கள், இருக்கிற பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு போகும் வேன்கள். 2025 ஆகஸ்டில் இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு மாணவர்கூட இல்லை என்ற செய்தி வந்து பெரிய விவாதமானது. அதே பட்டியலில் தனியார் பள்ளிகள் அதைவிட அதிகம் இருந்தன என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூனில் 50 பேருக்குக் குறைவான பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்க உத்தரவே போட்டார்கள், விவகாரம் அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போனது. நம் ஊரில் பெரும்பாலும் அப்படி அறிவித்து நடப்பதில்லை. ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பார்கள், கூடுதலாக இருக்கும் ஆசிரியர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார், மிச்சமிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஒவ்வொருவராக டி.சி. வாங்குவார்கள். கடைசியில் ஒரு நாள் பூட்டுத் தொங்கும், காகிதத்தில் 'தற்காலிகமாக' என்று இருக்கும். அதனால், உத்தரவு வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த மார்ச்சிலேயே வேலையை ஆரம்பியுங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும், ஆறு முதல் எட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்குள். உங்கள் ஊர்ப் பள்ளி மூடினால் அடுத்தது இரண்டரை கிலோமீட்டர் என்கிறபோது, பிள்ளையைக் கூட்டிப் போய்க் கூட்டி வர வாகன வசதியோ, அதற்கான படியோ கேட்பது சலுகை இல்லை, உரிமை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துக்கும் வழித்துணைக்கும் தனியாக இடம் உண்டு. வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். மற்ற பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு இருக்கும் எடையே வேறு. மார்ச் 22-லும் மே 1-லும் கிராம சபை நடக்கும், அங்கே இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்க மறக்காதீர்கள்.

பள்ளியை மூடக் கூடாது என்று போராடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் சேரப் பிள்ளைகள் அங்கன்வாடியில் இருக்கிறார்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இருந்தால் போராடுங்கள், நானும் மனு எழுதித் தருகிறேன். இல்லையென்றால் அந்தத் தெம்பையெல்லாம் ஆட்டோவுக்கும், பைபாஸில் பிள்ளைகளைத் தாண்ட வைக்கும் ஒரு ஆளுக்கும் செலவழியுங்கள். நாலு பேர் மட்டும் இருக்கும் வகுப்பில், தன் வயதுப் பிள்ளை ஒருத்திகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பது உங்கள் மகளுக்கும் நல்லதில்லை.

பக்கத்து ஊர்ப் பள்ளியைப் பார்க்காமலே "எப்படி இருக்குமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் லீவு போட்டுப் போய் வாருங்கள். காலையிலேயே போங்கள், காலை உணவு போடும் நேரத்துக்கு. எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், பரிமாறும்போது யார் கூட இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் வாசித்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கணக்கு நோட்டில் சிவப்பு மையால் டிக் மட்டும் இருக்கிறதா, தப்பைத் திருத்தி எழுதவும் வைத்திருக்கிறார்களா என்று புரட்டிப் பாருங்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நீங்களே குழாயைத் திறந்து பார்த்துவிடுங்கள், கேட்டால் வருகிறது என்றுதான் சொல்வார்கள். அப்புறம் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் பைபாஸ் ஓரம் பத்து நிமிஷம் நில்லுங்கள். உங்கள் மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவர் பயப்படுவது சரியா தப்பா என்பது அங்கே தெரியும்.

சரி, மெட்ரிக் பள்ளிக்கு வருவோம். அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள்தான். ஆனால் சேர்ப்பதற்கு முன் மூன்று விஷயம். கட்டணம் 28,000, வேனுக்கு 9,000 என்று எழுதியிருந்தீர்கள். சீருடை, ஷூ, நோட்டு, ஆண்டு விழா எல்லாம் சேர்த்தால் 42,000-க்குக் குறையாது, அது வருஷா வருஷம் ஏறும். உங்கள் வீட்டுக்காரரின் லோடு ஆட்டோ வருமானத்தில் எட்டு வருஷம் தாக்குப் பிடிக்குமா? நடுவில் பத்தாம் வகுப்பில் பணம் கட்ட முடியாமல் வெளியே எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசம். இரண்டாவது, ஆர்.டி.இ. கோட்டாவில், அதாவது கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில், இலவசமாகச் சேர்க்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 25 சதவீத ஒதுக்கீடு பள்ளியின் நுழைவு வகுப்புக்கு மட்டும்தான், அதாவது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புக்குக் கிடையாது. மூன்றாவது, அந்தப் பள்ளியின் அங்கீகார ஆணையை வாங்கி எந்த ஆண்டு வரை செல்லும் என்று பாருங்கள். மாணவரே இல்லாத பட்டியலில் தனியார் பள்ளிகள் அதிகம் என்று மேலே சொன்னேன் அல்லவா? பிள்ளைகள் குறைந்தால் மூடுவது அரசுப் பள்ளி மட்டுமில்லை.

இப்போது பெரிய முடிவு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. நீட் எழுதித் தேற வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் தனி வரிசையில் நிற்கலாம், முதல் ஆண்டிலேயே சுமார் 400 இடங்கள் அந்த வரிசைக்குக் கிடைத்தன. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வேறு. மெட்ரிக் பள்ளிக்குக் கட்டப் போகும் 42,000-ஐயும் இதையும் ஒரே தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் ஒன்றல்ல. உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் உண்டு, 7.5 சதவீதம் கிடையாது. பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு, அதனால் சேர்க்கும் முன் வாய்விட்டுக் கேளுங்கள். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும்.

7.5 சதவீதத்துக்கான கணக்கு ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? ஐந்தாம் வகுப்பை மட்டும் மெட்ரிக்கில் படித்துவிட்டு ஆறில் அரசுப் பள்ளிக்கு வந்தாலும் 7.5 போகாது. சட்டப்படி அது சரி. ஆனால் வேனில் ஏறிப் பழகிய பிள்ளையை இறக்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. "மத்தவங்க என்ன நினைப்பாங்க" என்று அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேடும்போது, முடிந்தால் பன்னிரண்டு வரை இருக்கும் மேல்நிலைப் பள்ளியாகப் பாருங்கள். நடுநிலைப் பள்ளி எட்டோடு முடியும், உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடியும். முடிகிற ஒவ்வொரு இடத்திலும் "பொண்ணு படிச்சது போதும்" என்று சொல்ல யாராவது ஒரு சித்தப்பா வீட்டில் இருப்பார். பதினொன்றில் என்னென்ன குரூப் இருக்கிறது என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். உயிரியல் குரூப்பே இல்லாத பள்ளியில் படித்துவிட்டு டாக்டர் கனவோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தூரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அரசு பஸ்ஸில் மாணவர்களுக்கு இலவசம்தான். பஸ் அந்த நேரத்துக்கு வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

ஆங்கில வழியா தமிழ் வழியா என்றும் கேட்டிருந்தீர்கள். அரசுப் பள்ளிக்குள்ளேயே ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது, அதில் சேர்ந்தாலும் 7.5 சதவீதமும் புதுமைப் பெண்ணும் போகாது. போவது ஒன்றுதான்: மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, எல்லோரும் பி.எஸ்.டி.எம். என்று சொல்வது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். உங்கள் மகள் நாலு வருஷத்தை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறாள். மெட்ரிக்கில் ஒரு வருஷம் ஆங்கில வழியில் உட்கார்ந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். குரூப் 4 எழுதும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் விலை தெரியும்.

இங்கேதான் மூடும் பள்ளியின் பிரச்சினை வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தாள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒன்று முதல் ஐந்து வரை அவள் படித்த பள்ளி எப்போதோ பூட்டப்பட்டுவிட்டது. கையெழுத்துப் போட ஹெச்.எம். இல்லை. சேர்க்கைப் பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஒரு பீரோவுக்குப் பின்னால், சாக்கில் கட்டிக் கிடந்ததைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது. பள்ளி இல்லாவிட்டால் கல்வி அலுவலர்களிடம் அந்தச் சான்றை வாங்க வழி இருக்கிறது, ஆனால் அவர்களும் பதிவேட்டைப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட வேண்டும்?

அதனால் ஏப்ரலுக்குள், இப்போதைய ஹெச்.எம். அந்த நாற்காலியில் இருக்கும்போதே, இதைச் செய்துவிடுங்கள். ஒன்று முதல் நான்கு வரை தமிழ் வழியில் படித்ததாகப் பள்ளி முத்திரையோடு சான்று வாங்குங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் மகள் பெயர் இருக்கும் பக்கத்தை, சேர்க்கை எண் தெரியும்படி, அவர் அனுமதியோடு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேடு எந்தப் பள்ளிக்கு, அல்லது எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்று கேட்டு அந்தச் சான்றின் பின்பக்கமே எழுதி வையுங்கள். டி.சி. வாங்கும் அன்றே எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில், பிள்ளையை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டார்களா என்று பாருங்கள், அதைச் செய்யாவிட்டால் புதுப் பள்ளியால் அவள் பெயரை ஏற்ற முடியாது. டி.சி. தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் பூட்டிய பள்ளியின் கணினிக்குக் கடவுச்சொல் தெரிந்தவர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். எமிஸில் உங்கள் மகளுக்கு யாருடைய போன் எண் இருக்கிறது என்றும் கேளுங்கள், பழைய எண்ணாக இருந்தால் அன்றே மாற்றச் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து ஊர்ப் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்ததும் எழுதுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எப்படி வாசித்தது என்பதை மறக்காமல் எழுதுங்கள். மனுவை நான் இங்கிருந்தே தயார் செய்து அனுப்புகிறேன்.