ஆறு ஊருக்கு ஒரே ஃபாதர்: பங்கு மக்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள பகுதி) தாய்க்கோயிலோடு சேர்த்து ஆறு ஊர்கள். உதவிப் பங்குத்தந்தை இல்லை. பள்ளித் தாளாளரும் எங்கள் ஃபாதர்தான். சர்க்கரை வேறு. ரொம்பவே களைத்துப்போயிருக்கிறார். பங்கு மக்களின் பிரதிநிதிகளான பங்குப்பேரவை என்ன செய்யலாம்?

பதில்: முதலில், முறை வைத்துச் சாப்பாடு அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். (சர்க்கரை உள்ளவருக்குப் பிரியாணியும் பலகாரமும் அனுப்புவது எந்த வகை அன்போ!) அவருக்குத் தேவை நேரம்.

ஒரு வாரம் பங்கு அலுவலகத்துக்கு யார், எதற்கு வருகிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். பூசைக் கருத்து (இன்னாருக்காகப் பூசை வைக்கக் கேட்பது), ஞானஸ்நானச் சான்றிதழ், கல்லறை இடத் தகராறு, மைக்செட்காரர் பாக்கி. இதற்கெல்லாம் குருப்பட்டம் எதற்கு? மாலையில் இரண்டு மணி நேரம் விவரம் தெரிந்த ஒருவர் அங்கே உட்காரட்டும். பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழை எழுதி வைத்துவிட்டால், ஃபாதர் சரிபார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் போட்டால் போதும். பங்குக்கென்று தனிக் கைப்பேசி வாங்குங்கள். அவருடைய சொந்த எண், சாகக் கிடப்பவருக்கு நோயில்பூசுதல் (குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளம்) போன்ற அவசரத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

கணக்கு வழக்குக்கு நிதிக்குழு. திருச்சபைச் சட்டம் 537-இன்படி ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தே ஆக வேண்டும். பெயருக்கு இருந்தால் ஆகாது. உண்டியல் எண்ணுவது, வங்கியில் கட்டுவது, ரசீது கோப்பு எல்லாம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது பூசை. ஒரு குரு நாளுக்கு ஒரு பூசை வைப்பதுதான் பொது விதி. குருக்கள் பற்றாக்குறை இருந்தால் ஆயர் அனுமதியோடு இரண்டு; ஞாயிறு, கடன் திருநாள்களில் (கட்டாயம் பூசை காண வேண்டிய திருநாள்கள்) மூன்று வரை (சட்டம் 905). ஆக, ஆறு ஊரும் ஞாயிறு காலையே கேட்டால் நடக்காது. சனி மாலைப் பூசையும் ஞாயிறு கடனுக்குச் செல்லும். முறை வைத்துக்கொள்ளுங்கள், பூசை இல்லாத ஊரில் உபதேசியாரோ அருள்சகோதரியோ இறைவார்த்தை வழிபாடு நடத்தலாம். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோக, ஆயர் அனுமதி பெற்ற பொதுநிலையினரை ஏற்பாடு செய்யலாம். துக்க வீட்டு இரவு செபத்தை அன்பியமே (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த செபக் குழு) பார்த்துக்கொள்ளலாம். ‘சாமியார் வரலியே’ என்று முணுமுணுப்பவர்களைச் சமாளிப்பது பேரவையின் வேலை. உண்மையில் கஷ்டமான வேலை இதுதான். புது வண்டி மந்திரிப்பதா? ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லா வண்டியையும் வரிசையாக நிறுத்திவிடுங்கள்.

பங்குத்தந்தைக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறை உண்டு. ஆண்டுத் தியானம் அதில் சேராது (சட்டம் 533). பலர் எடுப்பதே இல்லை. ஆறு ஊர்த் திருவிழாத் தேதிகளையும் முன்கூட்டியே முடிவு செய்து, இடையில் அவர் எப்போது கிளம்பலாம் என்று அவரிடமே கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும் பலிபீடத்திலிருந்தே அறிவித்துவிடுங்கள்.

தாளாளர் பொறுப்பை மாற்றுவது பேரவையின் கையில் இல்லை, மறைமாவட்டம்தான் பார்க்க வேண்டும். ஃபாதரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேர் மட்டும் மறைவட்ட அதிபரை (பக்கத்துப் பங்குகளையும் சேர்த்துக் கவனிக்கும் குரு) பார்த்துப் பேசுங்கள். ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினால், அது அவர் மேல் புகார் என்றே வாசிக்கப்படும்.