ஃபியூஷன் உணவகத்துக்குப் பெயர்: முதலில் மெனுவை எழுதுங்கள்

கேள்வி: இரண்டு நாட்டுச் சமையலைக் கலந்து தரும் ஃபியூஷன் ரெஸ்டாரன்ட் ஒன்றை நானும் என் தோழியும் தொடங்கப் போகிறோம். கையில் நீளமான பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலும் இரு நாட்டுப் பெயர்களையும் ஒட்டி உருவாக்கியவை. பெயர் முடிவானால்தான் லோகோ, உள் அலங்காரம் எல்லாம் தொடங்க முடியும் என்கிறார் டிசைனர். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: டிசைனரின் அவசரம் நியாயம்தான். ஆனால் உங்கள் கேள்வியில் ஓர் உணவின் பெயர்கூட இல்லை. கல்யாணத்துக்கு முன்பே பிள்ளைக்குப் பெயர் தேடுகிறீர்கள்.

இரண்டு சமையலில் எது அடிப்படை, எது அதன் மேல் வந்து சேர்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செய்முறை ஒன்றிலிருந்து வரலாம், பொருள்களும் காரமும் புளிப்பும் மற்றதிலிருந்து வரலாம். இதில் தெளிவில்லாத இடங்களில் மெனு கார்டு நடுவில் பிளந்து நிற்கும்: இடப்பக்கம் ஒரு நாடு, வலப்பக்கம் இன்னொரு நாடு. வருபவர் தனக்குப் பழகிய பக்கத்தில் ஆர்டர் செய்து சாப்பிட்டுவிட்டுப் போவார். நீங்கள் பெருமைப்படும் கலவை அவர் நாக்கில் படவே படாது.

ஜப்பானிய சமையல் கலைஞர் நோபு மட்சுஹிசா 1973இல் பெருவின் லிமா நகரில் வேலைக்குப் போனார். ஜப்பானியக் கைப்பழக்கம் அப்படியே இருக்க, அங்கே கிடைத்த மிளகாயும் எலுமிச்சையும் கொத்தமல்லியும் அதற்குள் வந்தன. 1994இல் நியூயார்க்கில் திறந்த உணவகத்துக்கு வைத்த பெயர் வெறும் ‘நோபு’. அதில் ஜப்பானும் இல்லை, பெருவும் இல்லை. 2008இல் லாஸ் ஏஞ்சலஸில் சமையல் கலைஞர் ராய் சோய் கூட்டாளிகளோடு தொடங்கிய ‘கோகி’ உணவு வண்டியும் அப்படித்தான். மெக்சிகோவின் மடித்த ரொட்டியான டாக்கோவுக்குள் கொரிய முறையில் வாட்டிய விலா இறைச்சி. ஒரு வாய் கடித்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆகவே உங்கள் கடையின் அந்த ‘ஒரு வாய்’ எது என்று எழுதுங்கள். பிறகு கடையை ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். ‘கிழக்கும் மேற்கும் சங்கமிக்கும் சுவைப் பயணம்’ என்று வந்தால் கிழித்துப் போடுங்கள், அது எந்தக் கடைக்கும் பொருந்தும். ‘கரியில் வாட்டிய இறைச்சி, புளிக்கவைத்த காய்கறியோடு மெல்லிய ரொட்டியில் சுருட்டியது, நின்றபடியே சாப்பிடலாம், நள்ளிரவு வரை’ என்று வந்தால் டிசைனருக்குப் பாதி வேலை முடிந்தது. உயரமான மேசை, தட்டுக்குப் பதில் காகிதம், தெருவிலிருந்து தெரியும் அடுப்பு என எல்லாம் அந்த வரியிலேயே இருக்கிறது. பெயரின் தொனியும்தான்: இந்தக் கடைக்கு நாலு அசையில் கம்பீரமான பெயர் ஒட்டவே ஒட்டாது.

நாட்டுப் பெயர்களை ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மெனு மாறும்போது பெயர் காலை வாரிவிடும். பொருளை நேரடியாக விவரிக்கும் பெயருக்குப் பல நாடுகளில் டிரேட்மார்க் கிடைப்பதும் கடினம். என்ன சமையல் என்று சொல்ல, பெயருக்குக் கீழே ஒரு சிறு வரி போதும். ‘ஃபியூஷன்’ என்ற சொல்லை அந்த வரியிலும் தவிர்ப்பேன், அதைப் படித்து யாருக்கும் பசி எடுப்பதில்லை.

இன்னொரு சமூகத்தின் சொல்லை எடுப்பதானால், அது அவர்கள் நாவில் எப்படிப் புழங்குகிறது என்று அம்மொழிக்காரர்களிடமே கேளுங்கள். அந்தச் சொல் உங்களுக்கு மட்டுமே என்று உரிமை கோருவது வேறு விவகாரம். 2018இல் சிகாகோவின் ‘அலோஹா போகே’ நிறுவனம், அதே சொற்களைப் பயன்படுத்திய மற்றக் கடைகளுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி ஹவாய் மக்களின் கோபத்தைச் சம்பாதித்தது. ‘அலோஹா’ அவர்களின் வாழ்த்துச் சொல், ‘போகே’ அவர்களின் பச்சை மீன் உணவு.

மிஞ்சும் இரண்டு மூன்று பெயர்களை, கடையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இரைச்சலான இடத்திலிருந்து போனில் சொல்லுங்கள். அவரைத் தேடச் சொல்லுங்கள். எழுத்து தவறிய பெயர் மேப்பிலும் தவறும்.

சட்ட வேலையை லோகோவுக்கு முன்பே முடியுங்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பிராண்டு தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒலிப்பில் ஒத்த பெயர்களையும் பாருங்கள், எழுத்து வேறுபட்டாலும் சிக்கல் வரும். டிரேட்மார்க்குக்கான சர்வதேச வகைப்பாட்டில் உணவகச் சேவை 43ஆம் வகுப்பு. பிற்பாடு உங்கள் சாஸைப் பாட்டிலில் விற்கும் எண்ணம் இருந்தால் 30ஆம் வகுப்பையும் சேர்த்துப் பாருங்கள். கம்பெனிப் பதிவோ இணைய முகவரியோ டிரேட்மார்க் ஆகிவிடாது, டிரேட்மார்க்கும் பொதுவாகப் பதிவு செய்த நாட்டில் மட்டுமே செல்லும். விண்ணப்பத்தை ஒரு டிரேட்மார்க் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு, அவர் பச்சைக்கொடி காட்டிய பிறகு டிசைனரைக் கூப்பிடுங்கள்.