வாசகர் கேள்வி: ஒவ்வாமை தராத நாய் இனம் உண்டா?

கேள்வி: பத்து வயதான என் மகள் நாய்க்குட்டி வேண்டுமென்று ஒரு வருடமாகக் கேட்கிறாள். ஆனால் என் தங்கை வீட்டுப் பொமரேனியன் நக்கினால் அவளது கை தடித்துச் சிவக்கிறது, தும்மலும் தொடங்கிவிடுகிறது. பூடில் முடி கொட்டாத இனம், ஒவ்வாமையே வராது என்று நாய் விற்பவர் ஒருவர் உறுதி கூறுகிறார். வாங்கலாமா?
– தாய் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அந்த உறுதியை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: நாய் நக்கிய இடம்தானே தடித்தது? ஒவ்வாமையைத் தூண்டுபவை நாயின் எச்சிலிலும் தோற்செதில்களிலும் சிறுநீரிலும் உள்ள புரதங்கள். முடி அவற்றை ஏந்தி வருகிறது, அவ்வளவே. முடி கொட்டாத பூடிலுக்கும் எச்சில் ஊறும். 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், 'ஒவ்வாமை தராதவை' எனப்படும் இனங்களின் முடியில் முதன்மையான ஒவ்வாமைப் புரதம் மற்ற இனங்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. அவை வாழும் வீடுகளின் காற்றிலும் வேறுபாடு காணப்படவில்லை.

லாப்ரடூடிலின் கதையும் இதையே சொல்கிறது. கணவருக்கு ஒவ்வாமை இருந்த, பார்வை குன்றிய ஹவாய்ப் பெண்ணொருவருக்கு வழிகாட்டி நாய் தேடிய அவுஸ்திரேலிய நிறுவனமொன்று, 1989இல் லாப்ரடோரையும் பூடிலையும் கலந்தது. பிறந்த மூன்று குட்டிகளில் அக்கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றுதான்.

ஆகவே இனத்தை விட்டு, குறிப்பிட்ட நாயைப் பாருங்கள். வளர்ந்த நாயொன்றுடன் மகள் வெவ்வேறு நாட்களில், மூடிய அறையில் சில மணிநேரம் இருந்து பார்ப்பது நல்லது. முட்டு அல்லது இழுப்பு உள்ள பிள்ளையானால், வைத்தியரைக் கேளாமல் இந்தப் பரீட்சையே வேண்டாம். எப்படியும் முதலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்வியுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் மெத்தைகளில் பெருகும் தூசிப் பூச்சிகளும் இதே தும்மலைத் தரும். நாய்ப் புரதங்களில் ஒன்று ஆண் நாயின் புரொஸ்டேட் சுரப்பியில் மட்டுமே உருவாவது; அது மட்டும்தான் மகளுக்கு ஒவ்வவில்லையென்றால், பெண் நாய் பெரும்பாலும் தொல்லை தராது.

பூடிலின் சுருள்முடி சிக்குப் பிடிக்காமலிருக்க ஓயாமல் சீவவும் வெட்டவும் வேண்டும் என்பதை விற்பவர் சொல்லியிருக்கமாட்டார். எந்த நாயானாலும் குளிப்பாட்டிய சில நாட்களிலேயே புரதம் பழைய அளவுக்கு வந்துவிடும். வாரம் இருமுறை குளிப்பாட்டினால்தான் பயன். படுக்கையறைக்குள் அதை ஒருபோதும் விடலாகாது. தொடர்மாடி வீட்டில், குட்டி வெளியே நின்று முனகும்போது உங்கள் மகள் அந்தக் கதவைத் திறக்காமல் இருப்பாளா?