அடுத்த அறைப் பெண்ணைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. கோவையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, மகள் மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். டார்மில், அதாவது மாணவர் விடுதியில், இரண்டு அறை, நடுவில் ஒரே குளியலறை, நான்கு பெண்கள். அடுத்த அறைப் பெண் மூன்று வாரமாக வகுப்புக்குப் போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுகிறாள். “அடுத்த செமஸ்டருக்கு நான் இருக்க மாட்டேன்” என்று உங்கள் மகளிடம் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள். மகளுக்குப் படிப்பு ஓடவில்லை. அறையை மாற்றிக் கேட்கலாமா, அந்தப் பெண்ணின் அப்பா அம்மா நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசலாமா, கல்லூரியைக் கூப்பிட்டால் நம்மிடம் பேசுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே மீல் பிளான், கார் பற்றியும் ஒரு வரி.

காரும் மீல் பிளானும் இருக்கட்டும். முதல் வருடப் பிள்ளைக்குக் கார் வேண்டாம், நிறைய கல்லூரிகளில் நிறுத்தவே இடம் தர மாட்டார்கள். சாப்பாட்டுத் திட்டத்தை அடுத்த செமஸ்டரில் குறைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைக்கே சொல்லியாக வேண்டும். நாளை வரைக்கும் தள்ளாதீர்கள். சொல்ல வேண்டியது உங்கள் மகள், சொல்ல வேண்டிய இடம் அவள் மாடியில் இருக்கும் ஆர்.ஏ., அதாவது அந்த மாடிப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் ரெசிடென்ட் அசிஸ்டென்ட். நம் ஊர் ஹாஸ்டல் வார்டனை மனதில் வைத்துக்கொண்டு ஆர்.ஏ.வைப் பார்க்காதீர்கள். அவரும் ஒரு மாணவர்தான், இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ படிப்பவர். என் மூத்த மகள் இரண்டு வருடம் ஆர்.ஏ.வாக இருந்தாள், அதனால் உள்ளே நடப்பது எனக்குத் தெரியும். தங்க இடம் இலவசமாகக் கொடுத்து, ஆகஸ்டில் மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்பே கூப்பிட்டுப் பயிற்சி தருவார்கள். அந்தப் பயிற்சியில் முதலில் சொல்வது, இப்படி ஒரு விஷயம் காதில் விழுந்தால் நீயே தீர்க்கப் பார்க்காதே, உடனே மேலே சொல் என்பதுதான். ஆர்.ஏ.வுக்கு மேலே அந்தக் கட்டடத்துக்கென்று முழுநேரச் சம்பளத்தில் ஒரு ரெசிடென்ட் டைரக்டர் இருப்பார். அவருக்கு மேலே மாணவர் விஷயங்களைப் பார்க்கும் டீன் அலுவலகம். பல கல்லூரிகளில் இதற்கென்றே ஒரு குழு வாராவாரம் கூடிப் பேசுகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று நினைக்க வேண்டாம். இரவு முறை பார்க்கும் ஆர்.ஏ.வின் போன் நம்பரைப் பெரும்பாலும் மாடிச் சுவரிலேயே ஒட்டியிருப்பார்கள்.

ஆர்.ஏ. கிடைக்கவில்லை, அந்தப் பெண் இப்போதே ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயமாக இருந்தால், கல்லூரி போலீஸையோ அவசர எண் 911-ஐயோ கூப்பிடச் சொல்லுங்கள். போலீஸ் வந்தால் அந்தப் பெண்ணின் பேர் கெட்டுவிடுமே என்று யோசிக்க வேண்டாம். வெல்ஃபேர் செக் என்பது கதவைத் தட்டி, ஆள் பத்திரமாக இருக்கிறாளா என்று பார்ப்பது. அப்புறம் தற்கொலை எண்ணத்தில், மன நெருக்கடியில் இருப்பவர்களுக்கு உதவ 988 என்று ஒரு எண் இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க இதே மூன்று இலக்கம்தான். கூப்பிடலாம், மெசேஜும் அனுப்பலாம். துன்பத்தில் இருப்பவர் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. உங்கள் மகளே கூப்பிட்டு, “என் பக்கத்து அறைப் பெண் இப்படிச் சொல்கிறாள், நான் என்ன செய்யட்டும்” என்று கேட்கலாம்.

சத்தியம் செய்து கொடுத்துவிட்டேனே என்று உங்கள் மகள் தவிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல பிள்ளை, அதனால்தான் தவிக்கிறாள். “இதை நான் தனியாகச் சுமக்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வா, இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்வோம். நீ வராவிட்டாலும் நான் போய்ச் சொல்வேன்.” இதை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அவள் சொல்லட்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்து இன்னொரு உயிரைக் காவல் காக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அந்தப் பெண் கோபப்படுவாள், ஒரு வாரம் பேசாமல்கூட இருக்கலாம். இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். “உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா” என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

1996 ஆகஸ்டில் மதுரையிலிருந்து ஒஹையோவுக்குப் படிக்க வந்தேன். இரண்டு பெட்டி, அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப் பொடி, ஒரு மெல்லிய ஸ்வெட்டர். நான்கு பெண்கள் இரண்டு படுக்கையறை வீட்டை எடுத்து வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஊருக்குப் பேச வேண்டுமானால் காலிங் கார்டு வாங்கி, மாதம் இரண்டு தடவை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். “நல்லா இருக்கேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பணம் போய்விடும். அந்த நாலு பேரில் ஒருத்தி நம் ஊர்ப் பெண், எங்கள் எல்லோரையும்விடப் படிப்பில் கெட்டிக்காரி. நவம்பரில் பனி விழத் தொடங்கியதும் அவள் லேபுக்குப் போவதை நிறுத்தினாள். பகலெல்லாம் தூங்குவாள். ராத்திரி சமையலறையில் விளக்கு எரியும். பாத்திரம் கழுவும் முறை அவளுடையது என்றால் அது கழுவப்படாமல் கிடக்கும். நாங்கள் என்ன செய்தோம்? ஃபிரிட்ஜ் கதவில் யார் எந்தக் கிழமை பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். அவள் இல்லாதபோது, “ரொம்பச் செல்லமா வளர்ந்திருக்கா” என்று பேசிக்கொண்டோம்.

ஜனவரியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காத தன் புது குக்கரை என் கையில் கொடுத்தாள். “எனக்கு இது வேண்டியிருக்காதுடி, நீ வச்சுக்கோ” என்றாள். என் குக்கரில் காஸ்கெட் போயிருந்தது, அப்போது அங்கே அது கிடைக்கவில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே அதில் சாதம் வைத்தேன். வைத்திருக்கும் பொருளை ஒருவர் சும்மா கூப்பிட்டுக் கொடுத்தால் ஏன் என்று கேட்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, கீழே துணி துவைக்கும் அறைக்கு நான் போனபோது அவள் அங்கே வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். கீழ்வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருந்தார், நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மடித்துக்கொண்டிருந்த போர்வையை வைத்துவிட்டு இவள் அருகில் போய், உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா மகளே என்று அப்படியே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இப்படியா ஒருத்தர் கேட்பார் என்று. அவள் ஆமாம் என்றாள். அவ்வளவுதான். பாட்டி அவளை உட்கார வைத்து, தன் கோட்டைப் போர்த்தி, தானே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்த நான் சோப்புப் பெட்டியோடு நின்றேன். பாட்டிக்கு அவள் பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராது.

அவள் பிழைத்தாள் தம்பி. சிகிச்சைக்கு அப்புறம் ஊருக்குப் போய், ஒரு வருடம் வீட்டில் இருந்து, பிறகு படிப்பை முடித்தாள். திருச்சியில் இருக்கிறாள், பொங்கலுக்குப் பொங்கல் பேசுவோம். அந்தப் பாட்டி கேட்டபோதுதான் மூச்சே விட முடிந்தது என்று ஒரு தடவை சொன்னாள்.

கல்லூரி நம்மிடம் பேசுமா என்று கேட்டீர்கள். ஃபெர்பா என்று 1974-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது, மாணவர் பதிவுகளின் தனியுரிமைக்கானது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மாணவரின் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கே போய்விடும். கட்டணம் நீங்கள் கட்டினாலும் அப்படித்தான். அந்தப் பெண்ணைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் நம் ஆட்கள் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம் இங்கேதான் இருக்கிறது. அந்தச் சட்டம் கல்லூரியின் வாயைத்தான் கட்டுகிறது, காதை அடைக்கவில்லை. நீங்கள் டீன் அலுவலகத்தைக் கூப்பிட்டு உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லலாம். அவர்கள் “நன்றி, கவனிக்கிறோம்” என்று மட்டும்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு அலட்சியம் என்று கோபப்படாதீர்கள். மகள் சொன்ன பிறகு மின்னஞ்சலாகவும் நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, என்ன சொன்னாள், என்ன பார்த்தேன். அந்தப் பெண் அனுப்பிய மெசேஜ் இருந்தால் அழிக்காமல் வைத்திருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அந்தப் பெண்ணின் பெற்றோருக்குத் தெரிவிக்க அதே சட்டம் கல்லூரிக்கு இடம் கொடுக்கிறது. அதை அவர்கள் செய்யட்டும். நீங்கள் நம்பர் தேடிக் கூப்பிடாதீர்கள். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்கு என்ன தெரியும்? அவள் அழுவதற்குக் காரணமே அங்கே இருக்கலாம்.

நான் வர்ஜீனியாவுக்குக் குடிவந்த பிறகு, 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்து அங்கே சிவில் பொறியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் லோகநாதன் அதில் போய்விட்டார். அன்று எங்கள் தமிழ்க் குடும்பங்களில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அதை விசாரித்த குழு, அவனைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தும் அது ஒரே இடத்தில் சேரவில்லை, தனியுரிமைச் சட்டத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள் என்று எழுதியது. அடுத்த வருடமே இந்த மாநிலத்தில் அரசுக் கல்லூரிகள் இப்படிப்பட்ட தகவல்களைச் சேர்த்துப் பார்க்க ஒரு குழு வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இதைச் சொல்வதால் அடுத்த அறைப் பெண்ணைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். மனம் உடைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறருக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை, அவர்களுக்கு அவர்களாலேயேதான் ஆபத்து. தெரிந்ததைச் சொல்வது கோள் சொல்வது ஆகாது என்று உங்கள் மகளுக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன்.

அறை மாற்றம் கேட்கலாம், தப்பில்லை. உங்கள் மகளும் தூங்க வேண்டும், படிக்க வேண்டும். முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் ரெசிடென்ட் டைரக்டரிடம் கேட்கட்டும். சத்தமில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், அந்தப் பெண் அழுவதைக் கேட்கிற ஒரே ஆளும் போய்விடுவாள். கல்லூரிக் கவுன்சலிங் மையத்துக்கு உங்கள் மகளும் ஒரு தடவை போகட்டும். ஆர்.ஏ.விடம் சொன்னால் அது மேலே போகும். கவுன்சலிங் தருபவரிடம் பேசுவது, உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் தவிர, அந்த அறையைத் தாண்டாது. அவளும் மூன்று வாரமாகப் பாரம் சுமந்திருக்கிறாள்.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த விஷயத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு எதிலும் போடாதீர்கள். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக நம்மவர்களைப் பார்க்கிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளை உடைந்தால் “இந்த ஊர் வளர்ப்பே இப்படித்தான்” என்பார்கள். தன் பிள்ளை உடைந்தால் “புராஜெக்ட் வேலையா வீட்டுக்கு வந்திருக்கான்” என்பார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை லட்சம் சம்பளம் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, பிள்ளை தூங்குகிறதா என்று கேட்க வரவில்லை. அந்தப் பெண் தமிழ்ப் பெண்ணா, வெள்ளைக்காரப் பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை, அதற்காகவே உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. நான் இந்த நாட்டில் நிறையக் கற்றுக்கொண்டேன். பனி தள்ளவும், வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம் வாதாடவும், டாக்டரிடம் கூச்சப்படாமல் கேள்வி கேட்கவும் கற்றேன். அந்தப் பாட்டி மாதிரி நேராகக் கேட்கக் கற்றதைத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். என் பிள்ளைகளிடம் வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவேன். முதல் தடவை பெரியவள், “அம்மா, என்ன கேள்வி இது” என்றாள். இரண்டாம் தடவை உட்கார்ந்து பதில் சொன்னாள்.

இதைச் சாக்காக வைத்து உங்கள் மகளிடமும் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதால், ஏதாவது நடந்தால் ஆஸ்பத்திரியோ கல்லூரியோ உங்களிடம் பேச பொதுவாக அவள் கையெழுத்து வேண்டும். கல்லூரியின் தகவல் ஒப்புதல் படிவமும் மருத்துவ முடிவுக்கான அதிகாரப் பத்திரமும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வரும்போது போட்டு வையுங்கள்.

இன்று ராத்திரி எட்டு மணிக்குள் அவளைக் கூப்பிடுங்கள். மெசேஜ் வேண்டாம், அவள் குரலைக் கேளுங்கள். ஆர்.ஏ.வின் கதவு வரைக்கும் அவள் நடக்கும்போது நீங்கள் லைனிலேயே இருங்கள். நாளைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.