பதினாலு விண்டோ, பத்து நம்பர்

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் டெவலப்பராக இருக்கிறேன். இரண்டு மாதமாக லினக்ஸில் ஐ3 என்ற விண்டோ மேனேஜரை (விண்டோக்களைத் திரையில் அடுக்கி, கீபோர்டிலேயே ஆள்வது) பயன்படுத்துகிறேன். எப்போதும் பன்னிரண்டு, பதினாலு விண்டோ திறந்தே இருக்கும். வேண்டியதைப் பிடிக்க இடது, வலது, அடுத்த வொர்க்ஸ்பேஸ் (நம்பர் போட்ட தனித்தனித் திரை) என்று தட்டிக்கொண்டே போகிறேன். பழைய ஆல்ட்-டேப்பே தேவலை போலிருக்கிறது. வேகமாக மாற என்ன வழி?

பதில்: "தட்டிக்கொண்டே போகிறேன்" என்கிறீர்களே, நேரம் அங்கேதான் போகிறது. இடது, வலது கீ எல்லாம் கண் முன்னால் இருக்கிற இரண்டு மூன்று விண்டோவுக்குள் நகரத்தான். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் தினமும் பஸ் ஏறுகிறவர் போர்டைப் படித்துக்கொண்டு நிற்பதில்லை. கால் தானாகத் தன் பிளாட்ஃபாரத்துக்குப் போய்விடும். உங்கள் விரலுக்கும் அப்படி நிலையான வொர்க்ஸ்பேஸ் நம்பர் வேண்டும். மாட் கீயோடு (ஐ3 கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் கீ) நம்பரைத் தட்டினால் அந்த வொர்க்ஸ்பேஸ் வரும்.

எனக்கு 1 எடிட்டர், 2 பிரவுசர், 3 டெர்மினல், 4 சாட். வருஷக்கணக்கில் மாற்றவில்லை. ஐ3-இன் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஓர் 'அசைன்' வரி எழுதிவிட்டால், பிரவுசரை எங்கிருந்து திறந்தாலும் அது 2-இல் போய் உட்காரும். அதற்கு அந்த விண்டோவின் கிளாஸ் பெயர் (எந்த ஆப்பின் விண்டோ என்று காட்டும் பெயர்) தெரிய வேண்டும். டெர்மினலில் எக்ஸ்ப்ராப் என்ற கட்டளையை ஓட்டி, விண்டோவின் மேல் ஒரு கிளிக். வரும் பட்டியலில் டபிள்யூ-எம்-கிளாஸ் வரியைப் பாருங்கள். மேற்கோளுக்குள் இரண்டு பெயர் இருக்கும். இரண்டாவதுதான் கிளாஸ். ஃபயர்ஃபாக்ஸில் முதல் பெயர் 'நேவிகேட்டர்' என்று வரும். அதைப் போட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை மத்தியானத்தையே நான் தொலைத்திருக்கிறேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் அப்படியே போடுங்கள். இன்னொன்று, அசைன் புதிதாகத் திறக்கும் விண்டோவுக்குத்தான். ஏற்கெனவே திறந்திருப்பதை அது நகர்த்தாது. மூடித் திறந்து சோதியுங்கள். ஸ்வேயில் (வேலண்ட் என்ற புது டிஸ்ப்ளே முறைக்கான, ஐ3 மாதிரியே ஒன்று) வேலண்ட் ஆப்களுக்குக் கிளாஸ் இல்லை, ஆப்-ஐடி.

அடுத்தது, நீங்கள் ஆல்ட்-டேப்பை நினைத்து ஏங்கும் விஷயம். புரோகிராம் எழுதும்போது நாம் தாவுவது பெரும்பாலும் இரண்டே இடத்துக்கு நடுவில்: எடிட்டர், பிரவுசர், மறுபடி எடிட்டர். ஐ3-இல் இதற்கு இரண்டு வழி. 'வொர்க்ஸ்பேஸ் ஆட்டோ பேக் அண்ட் ஃபோர்த்' என்ற வரியைச் சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் வைத்து எழுதி, கடைசியில் 'யெஸ்' (ஆம்) என்று போட்டால், நிற்கிற நம்பரையே மறுபடி தட்டும்போது முந்தைய இடத்துக்குத் திரும்புவீர்கள். பலர் இதைச் சிபாரிசு செய்வார்கள், எனக்குப் பிடிக்காது. ஒரு மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் ஓடிக்கொண்டிருந்தது. 2-இல் நிற்பதை மறந்து 2-ஐயே தட்டினேன். சாட் பளிச்சென்று விரிந்தது. மேனேஜரைப் பற்றி நண்பனிடம் புலம்பியிருந்தது மேல் வரியிலேயே இருந்தது. அன்று முதல் மாட்-டேப்பில் 'வொர்க்ஸ்பேஸ் பேக் அண்ட் ஃபோர்த்' கட்டளையை மட்டும் கட்டி வைத்திருக்கிறேன். நம்பரைத் தட்டினால் அந்த நம்பர்தான் வரும். டேப் தட்டினால்தான் திரும்பும்.

டெர்மினல்தான் தொல்லை. ஐந்து திறந்தாலும் ஐந்துக்கும் ஒரே கிளாஸ், அசைன் உதவாது. அங்கே மார்க் (ஒரு விண்டோவுக்கு நீங்களே வைக்கும் அடையாளம்) வைத்துக்கொள்ளுங்கள். லாக் (புரோகிராமின் பதிவு வரிகள்) ஓடும் டெர்மினலுக்கு ஓர் எழுத்தை மார்க்காகப் போட்டு, 'கான்-மார்க்' நிபந்தனையோடு ஃபோகஸ் கட்டளையை ஒரு கீயில் கட்டினால், எந்த வொர்க்ஸ்பேஸில் இருந்தாலும் ஒரே தட்டில் அங்கே போகலாம். ஒரு மார்க் ஒரே விண்டோவுக்குத்தான். வேறொன்றுக்குப் போட்டால் பழையதிலிருந்து கழன்றுவிடும்.

நோட்ஸ், பாட்டு மாதிரி எட்டிப் பார்த்து மூடும் சமாச்சாரங்களுக்கு வொர்க்ஸ்பேஸை வீணாக்க வேண்டாம். மாட்-ஷிஃப்ட்-மைனஸ் தட்டினால் ஸ்கிராட்ச்பேடுக்குள், அதாவது கண்ணில் படாத ஒரு ஒதுக்கிடத்துக்குள், போய்விடும். மாட்-மைனஸ் தட்டினால் மேலே மிதந்து வரும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது தொலைந்தால் ரோஃபி என்ற தேடும் ஆப்பை, திறந்த விண்டோக்களைப் பட்டியலிடும் விண்டோ மோடில் ஓட்டி, தலைப்பில் மூன்று எழுத்து அடியுங்கள். எனக்கு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தேவைப்படாது.

மாட் கீயாக ஆல்ட்டை வைத்திருந்தால் விண்டோஸ் கீக்கு மாற்றிவிடுங்கள். ஆல்ட்-1, ஆல்ட்-2 எல்லாம் பிரவுசரில் டேப் மாற்றும் கீ, சண்டை வரும்.

ஆபீஸில் பெரிய மானிட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்போடு கிளம்பும்போது, அதிலிருந்த வொர்க்ஸ்பேஸ்கள் லேப்டாப் திரைக்கு வந்துவிடும். நம்பர் மாறாது, வீட்டிலும் பிரவுசர் 2-இல்தான் இருக்கும்.